ஒப்புதல் பெறப்பட்டது

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் எனக்கு லாகின் உண்டு. பெயர் துளசிமணி. கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்கக்கூடாது என்று பேத்தி பிரதீபா சொல்லிவிட்டதால் இந்த டைரியிலும் எழுதவில்லை. வயது எழுபத்தொன்று, படிப்பு ஐந்தாவது. அந்த ஐந்தாவதிலும் கணக்கில் நான்தான் முதல் என்பது வேறு விஷயம். இந்த ஈரோட்டில் என் வயதில் லாகின் வைத்திருக்கிற இன்னொருத்தியைக் காட்டட்டும், பார்க்கலாம்.

பிரதீபா என் மகள் வயிற்றுப் பேத்தி. மேட்டூர் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறாள். மக்களின் சேமிப்பை மியூச்சுவல் ஃபண்டில் போட்டுத் தருவதும், எதற்குச் சேர்ப்பது, எப்போது எடுப்பது என்று யோசனை சொல்வதும் தொழில். இதுவரை விவரமெல்லாம் செருப்புப் பெட்டிகளில் ஆளுக்கு ஓர் அட்டையாக இருந்தது. இப்போது அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறாள். உதவிக்கு இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அட்டையைப் பார்த்து உள்ளே ஏற்றுவது என் பொறுப்பு.

இந்தப் பொறுப்பு இருப்பதால்தான் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். பெங்களூரில் மகன் வீட்டில் எனக்கென்று அறை இருக்கிறது. அங்கே பெயின்ட் வேலை நடக்கிறது. ஒன்றரை வருடமாக நடக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

நான்கு அட்டை ஏற்றினேன். மாலையில் பார்த்தால் மூன்றைக் காணவில்லை.

ஜூன் 5, புதன்

காணாமல் போன மூன்றும் 'லீடு' என்கிற இடத்தில் இருந்தன. நான்தான் அங்கே போட்டேனாம். எனக்கு நினைவில்லை.

பிரதீபா உட்கார வைத்துப் பாடம் சொன்னாள். லீடு என்றால் நம் பெயரைக் கேள்விப்பட்டு நம்பர் கொடுத்தவர். பிராஸ்பெக்ட் என்றால் வந்து உட்கார்ந்து பேசியவர். கிளையண்ட் என்றால் கையெழுத்துப் போட்டவர். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. லீடு, ஜாதகம் வந்த இடம். பிராஸ்பெக்ட், பொண்ணு பார்த்துவிட்டு பஜ்ஜி சாப்பிட்டுப் போன இடம். கிளையண்ட், தாலி கட்டியாயிற்று.

"அப்ப இந்த டார்மெண்ட்டுங்கறது?" என்றேன்.

"ரெண்டு வருசமா ஒன்னும் போடாம, போன் பண்ணாம இருக்கறவங்க அமுச்சி."

"துபாய் போன மாப்பிள்ளை."

சிரித்தாள். ஆனால் பைப்லைன் என்பது புரியவே இல்லை. தமிழில் மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். 'வாய்ப்புக் குழாய்' என்று வந்தது. அவசரமாகத் திரும்ப இங்கிலீஷுக்கே மாற்றச் சொன்னேன்.

ஜூன் 7, வெள்ளி

பழகுவதற்காக என்னையே ஒரு கிளையண்ட்டாக உள்ளே ஏற்றினோம். ரிஸ்க் புரொஃபைல் என்று பத்துக் கேள்வி வந்தது. ஆளுக்கு எவ்வளவு துணிச்சல் என்று அளக்கிற சங்கதி.

"போட்டது ஆறு மாசத்துல கால்வாசி எறங்கிப்போச்சுன்னு வெச்சுக்கங்க. உடனே எடுத்துருவீங்களா, பொறுத்துப் பாப்பீங்களா, இன்னும் கொஞ்சம் போடுவீங்களா?"

"போடச் சொன்னவன் வீட்டு வாசல்ல போய் உக்காருவேன்."

"அந்தப் பதில் இதுல இல்லீங்க."

"அதத்தான எல்லாரும் பண்ணுவாங்க. அது எப்படி இல்லாமப் போச்சு?"

கடைசியில் என்னை 'மிதமான துணிச்சல்' என்று போட்டது. என் பெயரில் உள்ளவை என்ற கட்டத்தில் பூஜ்யம் காட்டியது. மெஷினுக்கு என்ன தெரியும். நசியனூர் வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தது என் இஷ்டப்படிதான். கையெழுத்துப் போடும்போது பேனா எழுதாமல் வேறு பேனா வாங்கினார்கள், அவ்வளவுதான் தாமதம்.

ஜூன் 10, திங்கள்

இன்று ஹவுஸ்ஹோல்ட். ஒரே குடும்பத்து ஆட்களைத் தனித்தனியாக வைக்காமல் ஒரு கட்டுக்குள் கொண்டு வருவது. அதற்கு ஒரு தலைவர். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அந்தக் கட்டில் உள்ள எல்லோருடைய விவரமும் ஒரே ரிப்போர்ட்டாகத் தலைவரின் வாட்ஸாப்புக்குத் தானாகவே போய்விடும். கீழே ஒரு சின்னக் கட்டம், 'ஒப்புதல் பெறப்பட்டது' என்று. அதில் டிக் விழுந்தால்தான் கட்டு சேரும்.

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன் போட்டு, உங்க விவரம் இன்னாருக்குப் போகும், சரிங்களான்னு கேக்கோணும் அமுச்சி. சரின்னு சொன்னாத்தான் டிக்கு. மறந்துராதீங்க."

அறுபது குடும்பம். முதல் மூன்று வீட்டுக்குப் போன் செய்தேன். அரிசி மண்டிக்காரர் சொன்னார், "என்ற பொண்டாட்டிய எங்கூடச் சேக்கறதுக்கு இப்பத்தான் கேக்கறீங்களா? முப்பது வருசம் முந்தியே கேட்டிருந்தா யோசிச்சிருப்பனே." பின்னால் பத்துப் பேர் சிரிக்கிற சத்தம். இரண்டாவது வீட்டில், யார் இந்தம்மா, புருசன் பொண்டாட்டியைப் பிரிக்கப் பார்க்கிறதா என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் சும்மா சிரித்தார்கள்.

எனக்கு மானம் போயிற்று. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்த பெண் என்ன கேட்டாள்? வீட்டில் எத்தனை அடுப்பு என்று கேட்டாள். ஓர் அடுப்பு என்றால் ஒரு கார்டு. அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்.

ஜூன் 12, புதன்

வேலை வேகமாகப் போகிறது. பதினெட்டுக் குடும்பம் முடித்தேன்.

இன்று கலாமணியின் அட்டை வந்தது. அவள் என் பிறந்த ஊர்க்காரி, முறைக்கு மகள். அவள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவள் நான். புருசன் தங்கமுத்து மஞ்சள் கிடங்கு வைத்திருக்கிறார், தங்கமான மனுசன், பார்த்த இடத்தில் "அத்தை" என்று கையெடுத்துக் கும்பிடுவார். இவளுக்கு ஓர் அட்டை, அவருக்கு ஓர் அட்டை. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வீட்டுக்குள் என்னத்துக்கு இரண்டு.

அவள் அட்டையில் பிரதீபாவின் கையெழுத்தில் இலக்கு என்று எழுதியிருந்தது: 'அம்மாவுக்கு லீசுக்கு வீடு. ஆவணிக்குள்.' அவள் அம்மா பழனாத்தாளை எனக்குத் தெரியும். மூத்த மகன் வீட்டில் ஒரு மாதம், சின்ன மகன் வீட்டில் ஒரு மாதம், துணிமூட்டையோடு மாறி மாறி இருக்கிறாள். அவளுக்குத் தனி வீடு பார்த்துக் கொடுக்கிற மருமகன் இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைப்பான். தங்கமுத்து மேல் எனக்கு மதிப்பு இன்னும் கூடியது.

அடியில் சிவப்பு மையில் இன்னொரு வரி: 'கடிதம் வேண்டாம். போன் புதன் பதினோரு மணிக்கு மேல் மட்டும்.' இது என்ன என்று விளங்கவில்லை. புதன்கிழமை அந்தப் பக்கம் டவர் கிடைக்குமோ என்னவோ. என் மகள் முறைக்குப் போன் செய்ய எனக்கு நாழிகை பார்க்க வேண்டுமா. அந்த வரியை எங்கே ஏற்றுவது என்றும் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

தங்கமுத்துவைத் தலைவராகப் போட்டு அவளை அந்தக் கட்டுக்குள் சேர்த்தேன். தேவையான இடத்தில் டிக் போட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

அறுபதும் முடிந்தது. "ஒரு வாரத்துலயா? எல்லாருகிட்டயும் கேட்டுட்டீங்களா அமுச்சி?" என்றாள் பிரதீபா.

"அதெல்லாம் ஆச்சு கண்ணு."

என் மகளிடம் போனில் சொன்னாள், அமுச்சி ரெண்டு ஆள் வேலை பார்க்கிறாங்க என்று. நான் கேட்காத மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஜூன் 19, புதன்

மகன் பேசினான். பெயின்ட் முடிந்து இப்போது டைல்ஸாம்.

ஜூலை 1, திங்கள்

ரிப்போர்ட்டுகள் காலை எட்டு மணிக்குத் தானாகப் போயின. அறுபது பச்சை டிக். பார்க்கவே அழகாக இருந்தது.

ஜூலை 3, புதன்

தங்கமுத்து ஆபீஸுக்கு வந்தார். ஒரு சீப்பு பூவம்பழமும் அரைக்கிலோ மைசூர்பாகும். பிரதீபா வங்கிக்குப் போயிருந்தாள்.

"உங்களத்தான் பாக்க வந்தனுங்க அத்தை. ரொம்ப நன்றிங்க."

"எதுக்குங்க மாப்ள?"

"ரிப்போர்ட்டு வந்துதுங்க. கலாமணி பேருல இத்தன நாளா சேந்துக்கிட்டு இருக்குது, எனக்கே தெரியலீங்க. ஜாக்கெட்டு தெச்ச காசு, எட்டு வருசமுங்க. கெட்டிக்காரி. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கோணுமா இல்லையா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கிடங்குக் கூரை சித்திரைக் காற்றில் பறந்துபோன கதையைச் சொன்னார். கூரைக்குப் புது ஷீட் போட இந்தப் பணம் சரியாக இருக்கும் என்றார். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

நான் பழத்தைப் பிரித்து வைத்தேன். எனக்குத் தெரியலீங்க என்றாரே, அது எப்படி? பழனாத்தாளுக்கு வீடு பார்ப்பது இவர் இல்லையா? அப்படியென்றால் யார்?

ஒருவேளை விளையாட்டாகச் சொல்லியிருப்பார்.

ஜூலை 4, வியாழன்

விளையாட்டு இல்லை.

மைசூர்பாகைப் பார்த்து யார் வந்தது என்று கேட்டாள் பிரதீபா. சொன்னேன். அவள் கையில் இருந்த துண்டை டப்பாவிலேயே வைத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் ஏதோ திறந்தாள். அதில் ஒரு பட்டியல். யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எதை மாற்றினார்கள் என்று எல்லாம் இருக்குமாம். எனக்கு அந்தப் பாடம் நடத்தவில்லை.

'துளசிமணி, ஜூன் 12, 11.42, கலாமணி குடும்பக் கட்டில் சேர்க்கப்பட்டார். ஒப்புதல் பெறப்பட்டது.'

"சித்திகிட்ட எப்பக் கேட்டீங்க அமுச்சி?"

மெஷின் எழுதுவதெல்லாம் வேதமா என்று கேட்டேன். மூன்று அட்டையைத் தொலைத்த மெஷின்தானே. வேறு யாராவது என் லாகினில் நுழைந்திருக்கலாம் என்றும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"சித்தப்பா புதன்கிழம கோபிச் சந்தைக்குப் போயிருவாருங்க. அன்னைக்குத்தான் சித்தி போன எடுக்கும். அதுக்குத்தான் சிவப்புல எழுதி வெச்சேன்."

ஜூலை 5, வெள்ளி. அமாவாசை

விரதம். ஒன்றும் எழுத ஓடவில்லை.

கட்டின பெண்டாட்டி புருசனுக்குத் தெரியாமல் சேர்க்கலாமா? சேர்க்கக்கூடாது என்றுதான் என்னை வளர்த்தார்கள். அப்படியானால் நான் செய்தது சரி. சரி என்றால் நேற்று சோறு ஏன் இறங்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

இருவரும் வந்தார்கள். கலாமணி வெளிர்பச்சைச் சேலை. என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா பெரீம்மா" என்றாள். வழக்கமான குரல்தான்.

முழுவதையும் எடுக்க வேண்டும் என்றார் தங்கமுத்து.

"சித்தப்பா, அது சித்தி கணக்குங்க. அவங்க வாயால சொல்லோணும். நான் அவங்ககிட்டத் தனியா ரெண்டு நிமிசம் பேசிக்கறனே" என்றாள் பிரதீபா.

"தனியா என்ன கண்ணு பேசறது? அவ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன. உங்க கம்ப்யூட்டரே ரெண்டு பேரையும் ஒன்னா வெச்சு, என்னையத் தலைவர்னு போட்டு அனுப்பியிருக்குதே." போனைத் திருப்பிக் காட்டினார். "அத்தை போட்டது. தப்பாவா போடுவாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் கொண்டுவர எழுந்துவிட்டேன்.

"எடுத்துருங்க கண்ணு" என்றாள் கலாமணி.

"சித்தி, யோசிச்சுச் சொல்லுங்க. ஒன்னும் அவசரமில்ல."

"யோசிச்சாச்சு. அவரு கூரைக்குன்னு கேக்கறாரு. மழ வரப்போவுது."

ஓ.டி.பி. அவள் போனுக்கு வந்தது. போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. அவர் எண்ணைப் படித்தார், அவள் கையெழுத்துப் போட்டாள். நாலே நிமிடம். எழுந்தபோது தங்கமுத்து எனக்குக் கும்பிடு போட்டார். அவள் படியில் இறங்கும்போது சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள்.

அவள் வாயாலேயேதான் சரி என்றாள். நான் காதால் கேட்டேன். பிரதீபாவும் கேட்டாள். பிறகு ஏன் பிரதீபா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்? சரி என்று சொல்வதற்கும் சரி என்பதற்கும் நடுவில் என்ன இருக்கிறது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

நான் போன் செய்து கேட்ட முதல் மூன்று வீடு போக மீதிக் கட்டுகள் எல்லாவற்றையும் பிரதீபா பிரித்துவிட்டாள். கலாமணி போக ஐம்பத்தாறு. "நீங்க ஊட்ல ரெஸ்ட் எடுங்க அமுச்சி, நானே போன் பண்ணிக்கறேன்" என்றாள். வீட்டில் எனக்கு என்ன ரெஸ்ட். நான் செய்கிறேன் என்றேன். தான் எழுதி வைத்திருந்த கேள்வியை என் முன்னால் நகர்த்தினாள். எழுதினபடியே கேட்க வேண்டும், ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல்.

ஜூலை 12, வெள்ளி

நான்கு நாளில் ஐம்பத்தாறும் கேட்டு முடித்தேன். சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று கேள்வியை முழுவதும் படித்தேன்.

ஒன்பது வீட்டில் வேண்டாம் என்றார்கள்.

ஆறு பேர் பெண்கள். ஒருத்தி, "அப்பறம் கூப்புடறேன்" என்று வைத்துவிட்டு அரைமணி கழித்து மாடியிலிருந்து கூப்பிட்டாள், காற்றுச் சத்தம் கேட்டது. கேஸ் ஏஜென்சிக்காரர், எண்பது வயது, மகனுடைய கட்டுக்குள் தன்னைச் சேர்க்க வேண்டாம் என்றார். அரிசி மண்டிக்காரர் வீட்டை நான் கூப்பிடவில்லை. அந்த அம்மாவே கூப்பிட்டார். "அன்னைக்கு அவரத்தான கேட்டீங்க. என்னைய எப்பக் கேப்பீங்க?" என்றார். அதோடு பத்து.

இந்த வீடுகளில் பாதியில் நான் சாப்பிட்டிருக்கிறேன். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எப்போது காது குத்தினார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். இது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

பிரதீபாவின் அம்மா, என் மகள், இரவுச் சாப்பாட்டில் கேட்டாள், "அம்மா, ஊட்ட அண்ணன் பேருக்கு எழுதறப்ப உன்னைய யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்காம?" என்றேன்.

யார் கேட்டது என்று யோசித்துப் பார்க்கிறேன். பேனா நினைவிருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

கலாமணி வந்தாள், தனியாக. நாளையோடு ஆனி முடிகிறது. கணக்கில் ஒன்றும் இல்லாவிட்டாலும் தன் பெயர், நம்பர் எதுவும் இங்கே இருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றாள்.

பிரதீபா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "மறுபடி ஆரம்பிக்கலாம் சித்தி. சின்னதா. நானே பாத்துக்கறேன், வேற யாரு கைக்கும் போகாது."

"உன் மேல எனக்கென்ன கண்ணு குறை. ஆரம்பிக்காம விடமாட்டேன். ஆனா இங்க வேண்டாம். எங்கன்னு கேக்காத."

நான் எழுந்து நின்றேன். ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் இருந்தது. வந்தது இதுதான்: "நான் நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் சாமி..."

"தெரியுமுங்க பெரீம்மா" என்றாள். "எல்லாரும் நல்லதுக்குத்தான் பண்றாங்க."

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இந்த மாதம் சின்னண்ணன் வீடாம். ஆடி பிறந்ததும் பெரியவர் வீட்டுக்கு மாற வேண்டும், இடுப்பு வலியோடு மூட்டை தூக்குகிறாள் என்றாள். "ஆவணியில வேற ஊட்டுக்குப் போலாம்னு சொல்லி வெச்சிருந்தேன். வண்ணான்கிட்டப் போட்ட சேலையெல்லாம் வாங்கி மடிச்சு வெச்சிருக்குது. இனிப் போயித்தான் சொல்லோணும்."

அவள் போனபிறகு, நீக்குகிற வேலையை நானே செய்கிறேன் என்று பிரதீபாவிடம் கேட்டேன். என் லாகினில் நுழைந்தேன். பெயரை நீக்குவதற்கு முன்னால் மெஷின் காரணம் கேட்டது. ஒரு பட்டியல் கொடுத்தது: சேவையில் திருப்தியில்லை, வேறு ஊருக்கு மாற்றம், இறப்பு, மற்றவை.

"மற்றவைன்னு போட்டுருங்க அமுச்சி. போதும்."

மற்றவையைத் தொட்டதும் ஒரு வெற்றுக் கட்டம் திறந்தது. நிரப்பாமலும் போகலாம் என்றாள். நான் ஒற்றை விரலால் அடித்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. நல்லவேளை, எந்தப் பொத்தான் என்று எனக்கு அகப்படாத ழகரம் தேவைப்படவில்லை.

'இவளைக் கேட்காமல் இவள் கணவன் குடும்பத்தில் சேர்த்தேன். கேட்டதாக டிக் போட்டது நான்தான். துளசிமணி.'

பிரதீபா பின்னால் நின்று படித்தாள். அழிக்கச் சொல்லவில்லை. நான் பொத்தானை அழுத்தினேன்.